விளக்கைப் போட்டால் ஜன்னல்

ஜூலை 8
மனித வளர்ச்சியும் குடும்ப அறிவியலும் படிக்கிறேன் என்றதும் மாமா கேட்டார், "குடும்பம் நடத்தவும் டிகிரி வந்துடுச்சா?"
"ஆமா மாமா. நீங்க சேர்ந்திருந்தா இந்நேரம் அரியர்தான்."
அத்தைக்குப் புரையேறியது. வேறு மாமாவாக இருந்தால் உதை விழுந்திருக்கும். கொடுத்துவைத்தவள் நான்.

ஜூலை 15
எங்கள் துறையிலேயே ஒரு மழலையர் பள்ளி. அடுத்த அறையில் ஒருபக்கக் கண்ணாடி: பிள்ளைகளை நாம் பார்க்கலாம், அவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. கவனி, எழுது, குறுக்கிடாதே. என்னைப் போன்ற வாலுக்குச் சுருட்டி உட்காரும் பயிற்சி.

மூன்று வயசுப் பையன் ஒருவன், அம்மா வாசல் தாண்டியதும் அலற ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. 'சைரன்' என்று பெயர் வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் அம்மாவுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறதாம். இந்த மாதத்துக்குள் அவன் அடங்காவிட்டால் அடுத்த வருஷம் கூட்டி வரச் சொல்லிவிட்டார் பள்ளியை நடத்தும் எங்கள் துறை மேடம். அப்போ வேலை? கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடுகிறார் அந்த அம்மா. வைத்த பெயர் இனிக்கவில்லை.

ஜூலை 17
தொலைஞ்சேன்.
சைரனின் அழுகையைத் தன் ஆய்வுக்காகப் பதிவு செய்யும் சீனியர் அக்கா, டீ வாங்கப் போனார். எழுத வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைப் போட்டேன். அவன் கண்ணாடியைப் பார்த்து அலற, நான் இந்தப் பக்கம் கன்னத்தை உப்பி, மாறுகண் வைத்து — அவனுக்குத் தெரியாதுதானே?
அழுகை நின்றது. கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சிரிக்கிறான்.
அப்புறம்தான் உறைத்தது. இங்கே இருட்டாக இருந்தால்தான் அங்கே கண்ணாடி. விளக்கைப் போட்டால் ஜன்னல். திரும்பினால் அக்கா, கையில் டீயோடு.
"இவ்ளோ நாள் எடுத்த பதிவு போச்சுடி. இனி அவன் கண்ணாடியிலேயே ஆளைத் தேடுவான்."
அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாமே. பார்வை அறையில் வாங்கிய அறை.

ஜூலை 18
இனி அந்த அறைக்குள் காலே வைக்கக் கூடாது என்றார் மேடம். செய்முறை மார்க் போனால் இந்த வருஷமே போச்சு. அப்போதுதான் அக்கா குறுக்கிட்டார்.
"இவளப் பிள்ளைங்ககூட உள்ள விடுங்க மேடம். என் பதிவு எப்படியும் கெட்டாச்சு. அவனாவது அழாம இருக்கட்டும்."
யாருடைய உழைப்பைக் கெடுத்தேனோ அவரே எனக்காக! நன்றி சொல்ல வாயைத் திறந்தால் மொக்கை ஜோக்குதான் வந்தது. அதற்கும் சிரித்தார், மகராசி.

ஜூலை 21
பிள்ளைகளோடு உள்ளே முதல் நாள். அவன் என் சட்டை நுனியை விடவே இல்லை. அழுதான். கொஞ்சம்.

ஜூலை 29
அம்மா கையசைத்ததும் பதிலுக்கு அசைத்துவிட்டு மரக்கட்டைகளிடம் ஓடினான். பக்கத்தில் உட்கார்ந்து, மடி காலி என்று தட்டிக் காட்டினேன்.
"அக்கா, தள்ளிக்கோ. லாரி வருது."
தள்ளிக்கொண்டேன். வாசலைப் பார்த்தேன். அவன் அம்மா நிற்கவில்லை, வேலைக்குப் போய்விட்டிருந்தார்.