சீலன் வீட்டுக்கு வருவதென்றால்

ஜூன் 9, திங்கள்

சோளகக் காற்று. வாசல் முழுக்க மணல். இரண்டு தரம் கூட்டியும் வீண்.

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். சீலனுக்கு இப்போது நல்ல சுகமாம். வீட்டார் பொறுப்பெடுத்தால், வழக்கு நடக்கும் கோட்டில் நீதவானிடம் கேட்டு அனுப்பலாமாம். அவரிடம் வெட்டுப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். அது என் அண்ணா என்றேன். அவரிடமும் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

சீலன். வாயால் ஒருநாளும் புருஷன் பெயர் சொன்னதில்லை. இந்தக் கொப்பியில் மட்டும்.

அலுமாரியைத் திறந்து அவருடைய சாரங்களை வெயிலில் போட்டேன். சவர்க்கார வாசம்தான். அவர் வாசம் எப்போதோ போய்விட்டது.

ஜூன் 11, புதன்

மாலை, அண்ணா வீடு. அண்ணாவின் இடது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அண்ணி கொதித்தாள்.

"விசரனை ஊருக்குள்ள விட்டு, மற்றக் கையையும் வெட்டவோ?"

"ஊசியை விட்டதாலதான் அண்ணி. ஊசி போட்ட காலம் ஒரு நாயைக்கூட அடிச்சவரே?"

உண்மைதான். மாதம் ஒரு ஊசி, அண்ணாவோடு ஒரே படகில் தொழில். பகடி, சிரிப்பு. பிறகு சுகமாகிவிட்டது என்று தானே நிறுத்தினார். நித்திரை போனது. அண்ணா சோற்றில் நஞ்சு கலக்கிறார் என்று காதுக்குள் யாரோ சொன்னார்களாம். கரையில் கிடந்தவரைக் கூட்டிவரப் போன அண்ணாவை மீன் வெட்டும் கத்தியால் வெட்டினார். பிறகு தன் சாரத்தைக் கிழித்து அந்தக் கையைக் கட்டியவரும் அவர்தான்.

அண்ணா "யோசிப்பம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

மன்னார் சந்தை. கழுதை ஒன்று என் பையிலிருந்த கீரையை இழுத்துத் தின்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும். வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி பாதி வழி வந்துவிட்டேன்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ: "விசர் பிடிச்சதுகள் எல்லாம் கொலைக்கும் அஞ்சாதுகள்." அவளுடைய மகன் குடிவெறியில் ஒருவனின் மண்டையை உடைத்தவன். அவனுக்கு விசருமில்லை, அவனைக் கண்டு யாரும் கதவு பூட்டுவதுமில்லை.

ஜூன் 14, சனி

தலையிடி. காலையில் படலையடியில் அண்ணா.

"ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன்."

"உண்மையோ அண்ணா?"

"ஓம். அண்ணிக்குச் சொல்லாத."

ஜூன் 17, செவ்வாய்

நேற்றுப் போய்வந்தோம். பஸ்ஸில் இருந்து உடம்பெல்லாம் நோவு.

சீலன் கொழுத்திருக்கிறார். மருந்தால் கை நடுக்கம். அண்ணாவைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"கையைக் காட்டுங்கோ மச்சான்."

அண்ணா காட்டினார். சீலன் தழும்பைப் பார்த்தார், தொடவில்லை.

"நான் பயந்து பயந்துதான் வந்தனான்" என்றார் அண்ணா.

"எனக்கும் என்னில பயம் மச்சான். இனி ஊசியை விடமாட்டன். விட்டால் கட்டி இழுத்துக்கொண்டு போங்கோ."

"கட்டத் தேவையில்லை. ஓட்டோவில ஏத்திக்கொண்டு போறன்."

பொறுப்புக் கையெழுத்தைத் தானே வைப்பதாக டொக்டரிடம் சொன்னார் அண்ணா. அண்ணி என்ன சொல்வாளோ. கோட்டில் முடிவாக இன்னும் மாதக்கணக்காகலாமாம்.

நாங்கள் வெளிக்கிடும்போது, அடுத்த முறை பொரித்த மீன் கொண்டுவரச் சொல்லி சீலன் அண்ணாவிடம் கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரும்புக் கதவுவரை என் பக்கத்திலேயே நடந்து வந்தார். அதற்கு மேல் விடமாட்டார்கள்.