கையுறையைத் தாண்டிய ஊசி

வாலுவின் அம்மாவுக்கு,

இங்கே நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய். அதை நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் வாலு பிடுங்கிக்கொள்கிறாள். அவள் கொடுத்த பிறகு, உன் அறையில் இருக்கும் பெண்கள் காதில் விழுமே என்று நீ 'ம்', 'சரி' என்று முடித்துவிடுகிறாய். பள்ளிச் சீருடை வேலையெல்லாம் முடிந்து கடை இப்போது காற்று வாங்குகிறது. துணி வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாலுவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. யாரையும் தொட விடுவதில்லை. வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவளின் மகள் பல்லைக் காட்ட மாட்டேன் என்கிறாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாய். பிறகு கிளினிக்கில் ஆள் குறைவு என்றாய். சரி என்றேன். அடுத்த மாதம் என்றாய், அதுவும் போயிற்று. இப்போது கேட்டால் "பார்க்கலாங்க" என்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து உன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. ஒன்று வருவேன் என்பாய், இல்லாவிட்டால் வர மாட்டேன் என்பாய். இந்த 'பார்க்கலாம்' யாரிடம் கற்றுக்கொண்டது?

போன் திரையில் பார்த்தால் முகம் சுண்டிப் போயிருக்கிறாய். போன மாதம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடினாய். குழாய் திறந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து "வெயில் ஒத்துக்கலை" என்றாய். நாள் முழுக்க ஏசி அறையில் கருவி கழுவுகிறவளுக்கு என்ன வெயில்? வாலு திரைக்கு முத்தம் கொடுத்தால் நீ கையை மட்டும் ஆட்டுகிறாய். "அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் அக்கா அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து போகிறாள். நேற்று பட்டன் பொறுக்குகிறவள் போல உட்கார்ந்துகொண்டு, "லீவு கிடைக்கலைன்னு எத்தனை தடவைடா சொல்லுவா? நல்லா விசாரிச்சுப் பாரு" என்றாள். அவளை அதட்டி அனுப்பினேன். ஆனால் அவள் போன பிறகு எனக்கும் அந்த எண்ணம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போயிற்று. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எதுவானாலும் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கேட்டுக்கொள்வேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தையல்காரன்

•

வாலுவின் அம்மாவுக்கு,

இதை உன் அறைத்தோழி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளைத் திட்டாதே என்பதுதான் முதல் வரி. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

லீவில் வந்தவள், நீ கொடுத்த பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்து தந்தாள். வாலுவின் சட்டையைப் பிரித்து அளவு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டு, "இனிமே கவலைப்படாதீங்கண்ணா, அக்கா மாத்திரையெல்லாம் முடிச்சிட்டாங்க" என்றாள். நான் "எந்த மாத்திரை?" என்று கேட்டேன். அவள் முகம் போன போக்கே சரியில்லை. எழுந்து போகப் பார்த்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டேன். புதிதாக வந்த டாக்டர் அவசரத்தில், மரத்துப்போக ஊசி போட்ட கையோடு அதைத் தட்டிலேயே விட்டுவிட்டாராம். மேலே பஞ்சு மூடியிருந்ததாம். நீ தட்டைக் கவிழ்த்துக் கருவிகளைப் பிரிக்கும்போது கையுறையைத் தாண்டி விரலில் இறங்கிவிட்டதாம். நீ கத்தவில்லையாம். கையுறையைக் கழற்றிக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேரே போய் மேலாளரிடம் சொன்னாயாம். மூன்று பேருடைய தட்டுகள் ஒன்றாக வந்து சேர்ந்திருந்ததால் அது யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியவில்லை. இரண்டு பேர் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது ஆள் கொடுத்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. அந்த ஒருவருக்கு ரத்தத்தில் தொற்றுகிற நோய் ஏதும் இருந்திருந்தால் என்றுதான் உனக்கு மாத்திரை, வாந்தி, மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை. அந்த முகம் தெரியாத ஆளை நான் திட்டலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. அவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

மறுநாளும் அதே அறைக்குப் போய் நின்றாயாமே. மற்ற பெண்கள் அந்தத் தட்டுகளைத் தொடப் பயந்தார்களாம். "நாம கழுவலைன்னா அடுத்து வாயைத் திறக்கறவங்க கதி என்ன?" என்று கேட்டாயாம். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை. எனக்கு அந்த நேரத்தில் பெருமைப்படத் தெம்பில்லை.

அவள் போன பிறகு வேலை ஓடவில்லை. என் கையில் ஊசி குத்தாத விரல் கிடையாது. குத்தினால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த தையலைப் போடுவேன். அன்றைக்கு மிஷினில் நூல் கோக்க உட்கார்ந்தேன், ஊசியைப் பார்க்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

யாரிடம் கேட்பது? அக்காவிடம் சொன்னால் அடுத்த அரைமணியில் தெரு முழுக்கத் தெரியும். அதனால் வாலுவின் பல்லைச் சாக்காக வைத்து, பள்ளிக்கு எதிரே இருக்கும் பல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறாய், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவர்.

உன் மகள் அங்கேயும் வாலாட்டிவிட்டாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். டாக்டர் தட்டை எடுத்ததும், "இது வெந்துச்சா?" என்று கேட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை. "கருவியைக் கவர்ல போட்டு ஆவியில வைப்பாங்க, கவர்ல இருக்கிற அடையாளம் கலர் மாறினாத்தான் வெந்துச்சுன்னு அர்த்தம், எங்கம்மா சொன்னாங்க" என்றாள். டாக்டர் சிரிக்காமல், ஒட்டியிருந்த புதுக் கவரை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டி, அப்புறம்தான் பிரித்தார். "போதுமா மேடம்? நல்லாவே வெந்திருக்கு" என்றார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள். பல் தானாகவே விழும், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வாலுவை வெளியே மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனேன். தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தேன். பாதியில் 'அவளுக்கு' என்று வாய் தவறி வந்துவிட்டது. "தெரிஞ்சவர்னா, வீட்லயா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். முதலில் அவர் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். "கழுவற ரூமுக்கு வர்ற தட்டுல ஊசி இருக்கவே கூடாதுங்க. போட்டவங்களே அதுக்குன்னு இருக்கிற டப்பாவுல போட்டுடணும். உங்க வீட்டம்மா மேல தப்பே இல்ல. செய்ய வேண்டியதை உடனே செஞ்சிருக்காங்க, மாத்திரையையும் நிறுத்தாம சாப்பிட்டிருக்காங்க." அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. நோய் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்றார். குறைவு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "ரொம்பக் குறைவு. ஆனா இல்லவே இல்லைன்னு டெஸ்ட் முடியாம என்னால சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாமல் இருந்தாரே என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்துக்கொண்டேன்.

நீ ஏன் வரவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதானே? அதையும் கேட்டேன். குழந்தையைக் கட்டிக்கொள்ளலாமா, பக்கத்தில் படுக்கலாமா, சேர்ந்து சாப்பிடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தாராளமாக என்றார். காயம் பட்டால் மூடி வைக்க வேண்டும், பிரஷ், பிளேடு மாதிரி சாமான்கள் அவரவருக்குத் தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு மேசையில் இருந்த பல் பொம்மையை நகர்த்தி வைத்துக்கொண்டே, "புருஷன் பொண்டாட்டி மட்டும் கடைசி டெஸ்ட் வரைக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். கடைசிப் பரிசோதனையை இங்கே பெரிய ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாமாம். சீட்டு எழுதித் தருகிறேன் என்றார்.

ஆகவே வந்துவிடு. இவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்ற வருத்தம் இருக்கிறது. அது என் வருத்தம், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே தனியாக ஒவ்வொரு பரிசோதனைக்கும் போய்க் காத்திருக்க வேண்டாம்.

உன்னை எதிர்பார்க்கும்,
தையல்காரன்

•

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே நீ போன் செய்து, வாலுவின் சட்டை அளவு சரியா என்று கேட்டாய். நானும் சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வாலுதான் நடுவில் புகுந்து, பல் விழுந்த ஓட்டையைக் காட்டி நம்மைக் காப்பாற்றினாள்.

இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று சொன்னாய். சந்தோஷம். கடைசி ஒன்று பாக்கி இருக்கிறது என்று அதே மூச்சில் சொன்னாய். எனக்கும் அதுவேதான் மனதில் ஓடுகிறது. பகலில் டாக்டர் சொன்ன 'ரொம்பக் குறைவு' பெரிதாகத் தெரிகிறது. விளக்கை அணைத்தால் 'இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது' பெரிதாகிவிடுகிறது. அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நீ சம்மதம் கொடுத்த பிறகுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவள், சாயங்காலம் வந்து வீட்டை ஒட்டடை அடித்துவிட்டுப் போனாள். இதுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பது பெரிய அதிசயம்.

நீ லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதை என்னிடம் சொல்லாமல் மகளிடம் சொல்லியிருக்கிறாய். அவள் அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், இனி நீ பின்வாங்க முடியாது. என்னிடம் சொன்னது உன் நிபந்தனைகளை மட்டும்தான். தனித் துண்டு என்றாய், வைத்துவிட்டேன். தனிச் சோப்பு, தனி பிரஷ், அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். மற்ற விஷயத்தில் டாக்டர் சொன்னபடி நடந்துகொள்கிறேன், நீ கவலைப்பட வேண்டாம்.

ஆனால் தனித் தட்டு, தனி டம்ளர் வாங்கி வைக்கச் சொன்னாயே, அதைச் செய்ய மாட்டேன். நீ எத்தனை தடவை சொன்னாலும் செய்ய மாட்டேன். ஒரு நாள் முழுக்க எல்லோர் வாயிலும் பட்டதைச் சுத்தம் செய்கிறவளுக்கு நம் வீட்டில் ஒரு தட்டை ஒதுக்கி வைப்பதா? குழந்தை பக்கத்தில் படுக்கக் கூடாது என்பதை நீயே அவளிடம் சொல்லிப் பார். உன் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று இப்போதே தலையணையைக் கொண்டுபோய் உன் இடத்தில் போட்டிருக்கிறாள்.

கடைசிப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்து போவோம். முடிவு வருகிற அன்றைக்கு நான் கடையைத் திறக்கப் போவதில்லை. அது எப்படி வந்தாலும் நீயும் நானும்தான் பிரித்துப் பார்ப்போம். அதுவரைக்கும் உனக்குப் பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கும். பயம் தீர்ந்த பிறகு கிளம்பலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. பயத்தோடேயே வா.

வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

உன்
தையல்காரன்