மூன்று பேருக்கு ஒரு பாய்லர்

சொரோக்கா,
நவம்பர், வியாழக்கிழமை

அன்புள்ள லீதியாவுக்கு,

உன் அப்பாவும் நானும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம். அங்கே பாதோவாவில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் ஓர்னெல்லா அம்மாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை வேன் இத்தாலிக்குக் கிளம்புகிறது. உடைத்தெடுத்த வால்நட் ஒரு பை, பிளம் ஜாம், கூடவே இந்தக் கடிதமும் வரும்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதற்குள் அந்த அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், நீ எழுந்து போகிறாய். சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடுகிறது.

பாய்லர் நின்றுவிட்டது, அறைகளில் ரேடியேட்டர் எதுவும் சுடவில்லை என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். முதல் உறைபனி விழுந்த காலையில் அடியில் சொட்ட ஆரம்பித்தது. வாளி வைத்துப் பார்த்தேன். காலையில் தண்ணீர் நிரப்பினால் சாயங்காலத்துக்குள் அழுத்தம் இறங்கிவிடும். குழாய் வேலை பார்க்கிற ஆவ்ராம் வந்து மூடியைக் கழற்றினான். போன வருடம் பற்றவைத்த அதே செம்புப் பகுதிதான், இப்போது நாலு இடத்தில் பொத்தல். இனி இதில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எரிவாயுக் குழாயை அடைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அப்பாவும் நானும் சமையலறையில்தான் படுக்கை. பழைய விறகு அடுப்பு அந்த ஒரு அறையைத்தான் சூடாக வைத்தது. அப்பாவின் இருமல் இரண்டாம் நாளே நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. இதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

முதலில் பழையது வாங்கத்தான் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கோஸ்த்யா கொட்டகை போட்டு, ஜெர்மனியிலிருந்து கழற்றி வந்த பாய்லர்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருக்கிறான். ஒன்றை ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஜெர்மன்காரன் வீட்ல இருந்ததுண்ணே. உங்களையும் என்னையும் விட நல்லா வாழ்ந்த பாய்லர்," என்றான். கூட வந்த ஆவ்ராம் உள்ளே விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக உப்புப் படிவு. எத்தனை நாளைக்கு உத்தரவாதம் என்று கேட்டதற்கு, தான் அந்தக் கொட்டகையில் நிற்கிற வரைக்கும் என்றான் கோஸ்த்யா. திரும்பி வந்துவிட்டோம்.

அன்று சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். ஓர்னெல்லா அம்மா வீட்டுக்கு அவர் மகன் புது பாய்லர் மாட்டப் போகிறான், பழையதைச் சும்மாவே தருகிறான், வேனில் ஏற்றிவிடுகிறேன் என்றாய். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. நல்ல பாய்லர்தான், சந்தேகமில்லை. அதைத் துடைத்ததும் அதில் தண்ணீர் அளவு பார்த்ததும் உன் கைதானே. அப்புறம் நீ சொன்னாய்: "உங்க ரெண்டு பேருக்கும் அது தாராளமாப் போதும்."

லைன் போய்விட்டதா என்று கேட்டாய். ஆமாம், சரியாகக் கேட்கவில்லை என்றேன். கேட்டது, லீதியா.

நீ யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை என்று தெரியும். எட்டு வருடமாக நீ இல்லாத வீட்டைக் கணக்குப் போட்டால் இரண்டு பேர்தான் வரும். உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்தக் கூரை மாற்றியதும், அப்பாவின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்ததும் உன் சம்பாத்தியம். ஆனால் அன்றைக்கு விறகு பிளக்கப் போனவன் பாதியில் கோடாலியை வைத்துவிட்டுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு அசதி இல்லை அது.

அப்பாவிடம் கேட்டேன், புதியதா பழையதா என்று. அவர் அடுப்போரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "எனக்காகன்னா புதுசு வேண்டாம் மாப்ள. நான் இன்னும் ஒரு குளிருக்கோ ரெண்டு குளிருக்கோ. எனக்குப் பழசே ஜாஸ்தி," என்றார். நான் எழுந்து வாசல்வரை போன பிறகு, "அவகிட்ட கேட்டீங்களா?" என்றார். நீ இலவசமாக ஒன்று அனுப்புகிறாய் என்றேன். "நான் அதக் கேக்கல," என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மறுநாள் புது பாய்லருக்காக நம் பசுவை விற்றேன். நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது, மேல்தெருக்காரர் வாங்கினார். போகிறபோது அது திரும்பிப் பார்க்கவில்லை, அதுவே எனக்கு ஆறுதல். உன்னிடம் கேட்டிருந்தால் உடனே பணம் அனுப்பியிருப்பாய். அப்புறம், இந்த வசந்தத்தில் ஊருக்கு வருகிறேன் என்று நீ சொன்னது இன்னொரு வசந்தத்துக்குப் போகும். கூரைக்கு அப்படித்தான் ஆனது, கண்ணுக்கும் அப்படித்தான் ஆனது. இந்த பாய்லருக்காக நீ ஒரு நாள்கூட அங்கே கூடுதலாக இருக்க வேண்டாம் என்றுதான் இதைச் செய்தேன்.

ஆவ்ராமைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் பெரிய கடைக்குப் போனேன். அங்கே நிற்கிற பெண் சின்னவள், ரொம்ப மரியாதையாகப் பேசினாள். எத்தனை அறை என்று கேட்டாள், சொன்னேன். வெந்நீர் எத்தனை பேருக்கு வேண்டும் என்றாள். அதற்குத் தகுந்தாற்போல் அளவு இருக்கிறதாம். ஆவ்ராம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு பேர்," என்றேன்.

வண்டியில் வரும்போது ஆவ்ராம், "அக்கா வர்றாங்களாண்ணே?" என்றான். "பாய்லர் வருதுடா, முதல்ல அத இறக்குற வழியப் பாரு," என்று சொல்லிவிட்டேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

திங்கட்கிழமை மாட்டி முடித்தான். சத்தமே இல்லை, பக்கத்தில் போய்க் காது வைத்தால்தான் ஓடுகிறது என்று தெரிகிறது. அப்பா தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. மமலீகா சோளக் களியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் நாலு கரண்டி. பாலை இப்போது மேல்தெருவில்தான் வாங்குகிறேன். டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சில் இன்னும் சளி கட்டியிருக்கிறது, வயதும் ஆகிவிட்டது என்றார்.

அந்தப் பழைய பாய்லரை வேனில் ஏற்ற வேண்டாம். நம் ஊர்ப் பெண்கள் யாராவது அங்கே இருப்பார்கள், தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடு. கோபித்துக்கொள்ளாதே. அந்த வீட்டிலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது பாய்லரை இல்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. நம் அறைக்கு மட்டும் ரேடியேட்டர் மாட்டவில்லை. ஜன்னலுக்குக் கீழேயா, கதவோரமா என்று ஆவ்ராம் கேட்கிறான். கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தால்தான் குழாயை வளைக்க முடியுமாம். நீ போனதிலிருந்து நான் எங்கே தூக்கம் வருகிறதோ அங்கே படுத்துவிடுகிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. போனில் வேண்டாம், லீதியா. வந்து அறையில் நின்று பார்த்துச் சொல். நீ வரும்வரை பொறுத்திரு என்று ஆவ்ராமிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஓர்னெல்லா அம்மாவை இந்தக் குளிர் ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். உன்னைக் கடவுள் பத்திரமாக வைத்திருக்கட்டும், வழிப்பயணத்திலும்.

உன்,
சிமியோன்