சட்டைப் பையில் செங்கல் நிறம்

மாமா,

அக்கா உங்கள் சட்டைகளை எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வெள்ளைச் சட்டை ஒன்றின் பையில் செங்கல் நிறத்தில் ஒரு கறை. துவைக்கும்போதெல்லாம் வெற்றிலைக் கறை என்றே அவள் நினைத்திருப்பாள். கடலூர் சாயக் கம்பெனியில் மூட்டை தூக்குகிற எனக்கா நிறம் தெரியாது? இது உங்கள் மாத்திரைக்குள் இருந்த பொடி.

"நீ உன் நெழலையே சந்தேகப்படுவ மச்சான்" என்று கேலி செய்வீர்கள். சிதம்பரத்தில் அந்த டாக்டர் உங்கள் முதுகு ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வீட்ல மாடு இருக்கா? கன்னு செத்துப் பொறந்துச்சா?" என்று கேட்டபோதே எனக்கு அவர்மேல் சந்தேகம். முதுகுவலிக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களோ தலையைக் குனிந்துகொண்டீர்கள். புவனகிரியில் உங்கள் வீட்டில் செத்துப் பிறந்த கன்றை வெறுங்கையால் இழுத்துப்போட்டதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து வந்த கிருமி முதுகெலும்பில் உட்கார்ந்திருக்கிறது, அபூர்வமாகத்தான் இப்படி வரும், மூன்று மாதம் ஒருநாள்கூட மாத்திரையை விடக்கூடாது என்றார் டாக்டர். "இந்த மாத்திரைக்கு மூத்திரம் செவப்பா போவும், பயப்படாதீங்க" என்று அக்காவிடமும் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது வாரம் வலி குறைந்து, மாட்டுக்கொட்டகை வரை நடந்தீர்கள். அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டீர்கள்.

"மச்சான், ஆரஞ்சு கலர்ல போவுதுடா. உங்கக்கா ஒண்ணுமில்லன்றா. நீ கலர்லயே பொழங்கற ஆளு, சொல்லு."

"கலர் வந்தா கெமிக்கல் மாமா. கிட்னிய அரிக்குது. நம்மள வச்சு டெஸ்ட் பண்றானுங்க."

எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன், பாவி.

அதற்குப் பிறகும் அக்கா தண்ணீர்ச் சொம்போடு நிற்க, நீங்கள் மாத்திரையை வாயில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். விழுங்காமல் ஒதுக்கிவைத்து, அவள் திரும்பியதும் பையில் துப்பியிருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. வலி திரும்பியது, கால் மரத்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு வீட்டுக்குத் திரும்பவில்லை.

டாக்டர் தப்பான மருந்து கொடுத்துவிட்டார் என்று அக்கா இன்றுவரை நம்புகிறாள். நாளைக்குச் சிதம்பரம் போய் அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம். "நீயும் வாடா, எனக்குப் பேச வராது" என்கிறாள்.

நீங்கள் டாக்டரை நம்பவில்லை. அக்காவையும் நம்பவில்லை. போயும் போயும் என்னை நம்பினீர்கள் மாமா.

காலையில் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் புவனகிரிக்கு பஸ் ஏறப்போகிறேன். பையில் என்னடா கறை என்று அக்கா கேட்பாள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.