பெட்டிக்குள் 'ங்க' கிடையாது

என்றைக்கும் கடைசி வரிசையில் நிற்கவே பிரியப்பட்ட என் மச்சானுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் கால்பந்துப் போட்டிக் குழுவின் ஏழு உறுப்பினர்களும் கூடினோம். இரண்டு மணி நேரம் விவாதித்து, எதிர்ப்பு ஏதுமின்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். சிறந்த தடுப்பாட்டத்துக்காக உங்கள் பெயரில் வழங்கப்படும் கோப்பை இனிமேல் பிளாஸ்டிக் நாற்காலியில் வைக்கப்படாது. அதிக கோல் அடித்தவருக்கான கோப்பை இருக்கும் அதே மேசையில், அதற்கு இடப்புறமாக வைக்கப்படும். உங்கள் கோப்பை அரை அடி குட்டை என்பதால் அடியில் ஒரு செங்கல் வைக்கலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. செங்கல் மேசைவிரிப்புக்கு மேலேயா கீழேயா என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது. கீழே என்று முடிவாயிற்று.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு பெரிய செய்தியை வேறு யார் மூலமாகவோ நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இங்கே நிலவரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் விட்டுப்போன ஆட்டம் இப்போது இல்லை. முழங்கால் தோலை உரிக்கும் அந்த மண் மைதானம் மனைப்பிரிவாகிவிட்டது. சரவணம்பட்டி தாண்டி, செயற்கைப் புல் விரித்து வலை கட்டிய டர்ஃபில்தான் போட்டி. பதினொரு பேர் ஏழு பேராகிவிட்டார்கள். மைதானம் சின்னது, பந்து லேசு. களைத்தவர் வெளியே வந்து மோர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தால் நாம் ஒரு வாரம் பேசுவோம் அல்லவா? இப்போது அப்படி முடிந்தால், பாதியில் கரண்ட் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். ஏழுக்கு ஐந்து, எட்டுக்கு ஆறு என்பதுதான் சாதாரண நாள்.

எல்லோரும் எல்லோருக்கும் கோல் போடும் காலத்தில் நல்ல தடுப்பாட்டம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழுவில் இந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது. உங்கள் மச்சான் முறை என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

அடுத்த செய்தி உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. உங்கள் மகள் தாரணி இப்போது நம் மேற்குத்தோட்டம் பெண்கள் அணியின் பின்வரிசையில் ஆடுகிறாள். அந்த அணிக்கு நீங்கள் பயிற்சி கொடுத்த காலம் முழுக்க அவளை வெளியிலேயே உட்கார வைத்திருந்தீர்கள். "அதுக்கு மரியாதை ஜாஸ்தி மாப்ள, பின்னாடி நிக்கறதுக்கு ஆகாது" என்று என்னிடமே சொன்னீர்கள். அவள் காதில் விழும் தூரத்தில்தான் சொன்னீர்கள்.

கால்பந்துக்கு நீங்கள் கொடுத்த கொடை ஒன்றே ஒன்று. பெனால்டி பெட்டிக்குள் யாரும் யாரையும் 'ங்க' போட்டுப் பேசக் கூடாது. "பெட்டிக்குள்ள ரெண்டே வார்த்தைதான் கண்ணு. உடு, புடி. ங்க வேணும்னா வெளிய வந்து போட்டுக்கலாம்." எதிரணிக்காரியே வந்து மோதினாலும் "பாத்துங்க" என்று சொல்லும் நம் ஊரில் இது எவ்வளவு பெரிய சீர்திருத்தம் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நீங்கள் போனதும் அந்த விதியும் போய்விட்டது. பெட்டிக்குள் மரியாதை திரும்பி வந்தது.

போதாததற்கு, போன தை மாதம் தாரணிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நல்ல பையன், பம்புக் கம்பெனியில் வேலை. அவருடைய அக்கா கோகிலா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், நம் அணியின் கோல் கீப்பர். அதாவது தாரணிக்குப் பின்னால் நிற்பது அவளுடைய நங்கையா. கணவனின் அக்காவிடம் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேச முடியுமா?

லீக் ஆட்டம் ஒன்றில் இதன் பலன் தெரிந்தது. பந்து பெட்டிக்குள் உருண்டு வருகிறது. அதைப் பிடிக்கச் சொல்லித் தாரணி முழு மரியாதையோடு, "நங்கையா, உட்டுறாதீங்க!" என்று கத்தினாள். 'உட்டுருங்க' என்றால் விட்டுவிட வேண்டும், 'உட்டுறாதீங்க' என்றால் விடக் கூடாது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்று. கூட்டத்தின் இரைச்சலில் கோகிலாவின் காதுக்கு 'உட்டு' மட்டும் போய்ச் சேர்ந்தது. மீதி எழுத்துகள் வந்து சேரும்போது பந்து வலைக்குள் இருந்தது.

"உட்டுருங்கன்னுதானே அம்மணி சொன்னே?"

"இல்லீங்க நங்கையா, உட்டுறாதீங்கன்னுங்க."

"அப்பிடியா? செரி, உடு."

கோல் வாங்கிய பிறகு இவ்வளவு பண்பாக இரண்டு பேர் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

இனி குழுக் கூட்டத்துக்கு வருகிறேன். செங்கல் முடிவான பிறகு பஜ்ஜி வந்தது. பஜ்ஜி தீர்வதற்குள் பேசி முடிக்க வேண்டிய சில்லறை விஷயமாக, கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்பது எடுத்துக்கொள்ளப்பட்டது. செயலாளர் நாச்சிமுத்துவை உங்களுக்குத் தெரியும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், சுற்றுகளை எண்ணிப் பழகிய மனிதர். அவர் அளவுகோல் நேரானது: யார் குறைவாகக் கோல் வாங்கினார்களோ அவர்களுக்குக் கோப்பை. தெற்கு வீதி அணி ஒன்பது கோல் வாங்கியிருக்கிறது. நம் அணி பதினான்கு. முடிந்தது விஷயம்.

ஆனால் தெற்கு வீதிக்காரர்கள் ஐந்து ஆட்டத்தில் இரண்டை ஆடவே இல்லை. அன்றைக்கு முகூர்த்த நாள். எல்லோருக்கும் எட்டு, ஒன்பது என்று போட்டுத் தள்ளும் அவிநாசி அணியின் கேப்டனுக்கே கல்யாணம். அந்த அணி மணமேடையில் இருந்தது, இன்னொரு அணி பந்தியில் இருந்தது. வராத அணிகள் அடிக்காத கோல்களைத் தெற்கு வீதி தடுத்ததாக எழுதியிருந்தார்கள்.

நான் சொன்னேன்: ஓர் அணி மற்றவர்களிடம் வழக்கமாக எத்தனை கோல் அடிக்கிறது, நம்மிடம் எத்தனை அடித்தது என்று பார்க்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் தடுப்பு. ஆடாத ஆட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அவிநாசி எல்லோரிடமும் எட்டுக்குக் குறையாமல் அடித்தது, மேற்குத்தோட்டத்திடம் நான்குதான். சித்திரை வெயிலில் நனையாமல் இருந்த குடைக்கு, நல்ல குடை என்று யாராவது பரிசு கொடுப்பார்களா?

"கொடைக் கதையெல்லாம் வேண்டாமுங்க" என்றார் நாச்சிமுத்து. "பதினாலு கோல் வாங்குன டீமுக்குத் தடுப்புக் கப்புன்னா ஊருக்குள்ள சிரிக்க மாட்டாங்களா? அதுவுமில்லாம, தாரணி உங்க மச்சானோட புள்ளதானுங்களே?"

"ஆமாங்க."

"கப்பும் உங்க மச்சான் பேருலதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னத்தைங்க நாஞ் சொல்றது?"

அறையில் எல்லோரும் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது நியாயம்தானே? அதனால் கணக்குப் போடும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டு, நான் பேனாவைக்கூடத் தொடப் போவதில்லை என்று சொன்னேன். அவர் மூன்று பக்கம் எழுதிப் பார்த்தார். மாலையில் நடக்கவிருந்த இறுதிப் போட்டி நமக்கும் அவிநாசிக்கும். அதையும் சேர்த்தால், மேற்குத்தோட்டம் ஐந்து கோலுக்கு மேல் வாங்கினால் கோப்பை தெற்கு வீதிக்கு, இல்லாவிட்டால் நமக்கு. அப்படித்தான் கணக்கு வந்தது.

"செரிங்க, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா அளவுகோல்னா எல்லாத்துக்கும் ஒரே அளவுகோலுங்க. ஆபீஸ் பலகையில தடுப்புல முதலிடம்னு பேரு எழுதியிருக்கற பழைய வருசத்துக்கும் இதையே போட்டுப் பாக்கோணும். ஸ்கோர் நோட்டெல்லாம் எங்கிட்டத்தான் இருக்குதுங்க."

நியாயத்தின் பக்கம் நிற்கும் உற்சாகத்தில், தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

மத்தியானம் தாரணி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். காலையில் நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி, "அப்பா விதியத்தான் மாமா மறுபடி கொண்டாரோணும்" என்றாள். உங்கள் தங்கைக்கு ரசக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"நங்கையாளப் போயி உடுன்னு சொல்லுவியா? நாளைக்கு அந்த ஊட்டுல பொழங்கோணுமல்லொ கண்ணு?"

"பெட்டிக்குள்ள மட்டுந்தானுங்க அத்தை."

"பெட்டிக்குள்ள சொன்னா வெளிய கேக்காதா? உன்ற மாமியா முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க, பாத்துக்க."

தாரணி மோர் கேட்டாள்.

மச்சான், அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவிநாசி கேப்டன் கையில் மருதாணி சிவப்பு மாறாமல் வந்து இறங்கினாள். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு கோல். தாரணி அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து விரலை மடக்கி ஒன்று என்று எண்ணினார்.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டாவது விரலை மடக்க வேலை வரவில்லை. பின்வரிசை மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். அவிநாசிக்காரர்களுக்கு உதைக்க இடம் கிடைத்தது, ஆனால் எல்லாம் கோலுக்குத் தூரமான இடம். எட்டு கோல் அடித்துப் பழகியவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் அணி இரண்டு கோல் போட்டது. யார் போட்டது என்று நான் கவனிக்கவில்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கடைசி நிமிடம். இரண்டுக்கு ஒன்று. அவிநாசிக்குக் கார்னர். பந்து வளைந்து, கோலைத் தாண்டி வெளியே போகும் பாதையில் வருகிறது. ஆனால் கோகிலா அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கிவிட்டார். தொட்டால் பந்து நேராக அந்த மருதாணிக் கேப்டனின் காலுக்குப் போகும். அந்தக் காலும் தயாராக இருந்தது.

"கோகிலா, உடு!"

நங்கையா இல்லை, 'ங்க' இல்லை. பெயரைச் சொல்லி, ஒரே வார்த்தை. கோகிலாவின் கை ஆகாயத்தில் அப்படியே நின்றது. பந்து அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய், யார் மேலும் படாமல், கோலுக்கு வெளியே கோட்டைத் தாண்டி, மைதானத்தைச் சுற்றிய கம்பி வலையில் மோதியது. நடுவர் விசில் ஊதினார்.

வெற்றிக்குக் கத்துவதற்கு முன், அத்தனை பேரும் தாரணியின் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம், "ஏனுங்க, செயிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். ஆச்சுங்க என்றதும் எழுந்து நின்று கை தட்டினார். பிறகுதான் டர்ஃபே அதிர்ந்தது.

நான் கம்பி வலை ஓரமாக ஓடினேன். தாரணி அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க நங்கையா. வாய் தவறி இல்லீங்க, வேணும்னேதான் சொன்னேன்."

"மன்னிப்பா? முதல் கோலுக்கே சொல்றதுக்கென்ன புள்ள?" என்றார் கோகிலா. "அடுத்த தடவ இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

நாச்சிமுத்து கணக்கை இரண்டு முறை போட்டார். மூன்றாவது முறை போனில் போட்டார். "செரியாத்தானுங்க வருது" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில். ஆனால் மைக்கைப் பிடித்ததும் மனிதர் மாறிவிட்டார். இந்தப் போட்டித் தொடரில் பதினைந்து கோல் வாங்கிய மேற்குத்தோட்டம் அணியே மிகச் சிறந்த தடுப்பாட்ட அணி என்று அவர் அறிவித்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தெற்கு வீதிக்காரர்களும் கை தட்டினார்கள். உங்கள் பெயர் பொறித்த கோப்பையை, மரியாதை ஜாஸ்தி என்று நீங்கள் ஒதுக்கி வைத்த உங்கள் மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள். வெளியில்தானே, போட்டுக்கொள்ளலாம்.

அவளைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கு தப்பு, மச்சான். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். உங்களுக்கு இப்போது கோபமா, சந்தோஷமா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் அந்தக் குழுவில் இருக்கும்வரை, வராத அணி அடிக்காத கோலை யார் பெயரிலும் எழுத விடமாட்டேன். மழைக் காலத்தை மழைக் காலமாகவும் வெயில் காலத்தை வெயில் காலமாகவும் பார்த்துத்தான் குடையைப் பற்றிப் பேசுவேன். யாருடைய உறவானாலும் அளவுகோல் ஒன்றுதான்.

பழைய நோட்டுகளை நாச்சிமுத்து வெள்ளிக்கிழமை பார்த்து முடித்தார். உங்கள் பயிற்சியில் நம் அணி இரண்டே கோல் வாங்கிப் பலகையில் பெயர் ஏறிய அந்த வருடம், மண் மைதானத்தில் எந்த அணியும் யாரிடமும் பெரிதாகக் கோல் அடித்திருக்கவில்லை. புது அளவுகோலில் நாம் மூன்றாவது. சனிக்கிழமை பெயின்டர் வந்து, பலகையில் அந்த வரியை அழித்துவிட்டுச் சோமனூர் அணி என்று எழுதினார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன், தாரணியின் மாமா