மயில் ஓடாத ஆல்பம்

டேய் மாப்ள,

நாம் உயிராய்க் கேட்ட அந்த மெட்டல் பேண்டின் புது ஆல்பத்தைக் கேட்டேன். சிங்கப்பூரில் உட்கார்ந்து நீ எழுதிய விமர்சனத்தையும் படித்தேன். திட்டியது நியாயம்தான், கிதார் சவசவ என்று கிடக்கிறது. நாற்றங்காலில் விதை தின்ன வரும் மயில்களை விரட்ட அவர்களுடைய பழைய ஆல்பத்தைத்தான் ஸ்பீக்கரில் போடுவேன். முதல் அலறலிலேயே அத்தனையும் பறந்துவிடும். புதியதைப் போட்டேன், ஒரு மயில் ஸ்பீக்கர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆனால், "குரல் போனவன் எதற்குப் பாட வேண்டும்?" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு. கடைசிப் பாட்டை ஹெட்போனில் கேள். உச்சத்துக்குப் போகும் முன் அந்த மனுஷன் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்கும். எட்டாது என்று அவருக்கே தெரியும். இருந்தும் போகிறார்.

நான் ஏன் ஃபோனை எடுப்பதில்லை என்று உன் தங்கச்சி கவிப்ரியாவிடம் கேட்டாயாம். தஞ்சாவூரில் தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான். கட்டியை எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்றார் டாக்டர். குரல் திரும்புமா என்று கேட்க என்னால் முடியவில்லை.

அவள் திட்டுகிறாள்: "அண்ணன் பேசட்டுங்க. நீங்க ஃபோனைக் காதுல வச்சிருந்தா போதாதா?"

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுக்கிறேன். நம் காலேஜ் பேண்டில் டிரம்ஸ் அடித்தவன் நீ. நான் மேஜையில் தட்டினால் உனக்குப் புரியாதா?

இன்னமும்
உன் பாடகன்