ஒன்பது பத்துக்குக் கிளம்பினேன்

பாவா,

சோறு குக்கர்ல இருக்கு. கத்திரிக்கா குழம்ப சூடு பண்ணிக்கோங்க. மதியம் ஆர்.கே.பேட்டைலேர்ந்து தறிக்கார விஜயன் அண்ணன் வருவாரு. விக்காத குழந்தைத் துண்டெல்லாம் கட்டிலடியில மூட்டையா இருக்கு, குடுத்துடுங்க. ஏன் திருப்பித் தர்றோம்னு கேட்டா நீங்களே சொல்லுங்க. என் வாயால ஆகாது.

ஆன்லைன்ல என் கடைய மூடிட்டானுங்க. பதினோரு பார்சலும் லேட்டாம். திங்கக்கெழம தபால் ஆபீஸ்ல குடுத்தது, வியாழக்கெழம வேற ஏதோ ஊர்லதான் மொதல்ல கம்ப்யூட்டர்ல ஏறிச்சாம். நடுவுல யாரும் ஸ்கேன் பண்ணலன்னா நானா பொறுப்பு? முத்திரை குத்தின ரசீத போட்டோ எடுத்து அனுப்பினேன். அது செல்லாதாம்.

அந்த ஆன்லைன்காரன் என் மூஞ்சியே பாக்காதவன், சொல்லிட்டுப் போறான். நீங்க நேத்து உங்க அக்கா எதிர்ல, "இவ சாவகாசமா அனுப்பியிருப்பா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா"ன்னு சிரிச்சிகினே சொன்னீங்களே! அந்தத் திங்கக்கெழம கிருத்திகைக் கூட்டத்துல வண்டி போகலன்னு ஆளுக்கு ஒரு மூட்டைய தூக்கினு நடந்தோம். கவுண்டர்ல எறக்கி வச்சதே நீங்கதான்.

திங்கக்கெழமயே பார்சல் குடுத்தாச்சுன்னு போஸ்ட் மாஸ்டர்கிட்ட கையெழுத்து கேட்டு வாங்கப் போறேன்.

சுகந்தி

வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு மணியம்மைகிட்ட குடுங்க.

தயிர் பிரிட்ஜ்ல இருக்கு.

இப்ப மணி ஒன்பது பத்து. எழுதி வச்சிட்டே போறேன். இல்லன்னா, நீங்களே வண்டியில கொண்டுபோய் விட்டிருந்தாலும், வழியில எவனாவது ஸ்கேன் பண்ற வரைக்கும் நான் வீட்டவுட்டே கிளம்பலன்னு சொல்லுவீங்க.